டூஃபி அம்மாவின் பானைக்குக் கைப்பிடி

வார்ப்புக்காரர் அசியாமா மூன்றாவது முறையாக நூலைப் பானையின் வாய் விளிம்பில் சுற்றி, இரண்டு முனையும் சேருமிடத்தை நகத்தால் அழுத்திப் பிடித்து, அப்படியே அடுத்த பானைக்குக் கொண்டுபோனார். நூல் அங்கேயும் கச்சிதமாகப் பொருந்தியது. மயிரிழை வித்தியாசம் இல்லை.

இரண்டில் ஒன்று பெரிதாக இருந்தே தீர வேண்டும்.

எங்கள் வார்ப்புத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு பானையை மணலில் புதைத்து அச்செடுத்து, அந்த அச்சில் அலுமினியத்தை உருக்கி ஊற்றினால், பிறக்கிற பானை அப்படியே மூலப் பானையை உரித்து வைத்திருக்கும். ஆனால் உலோகம் ஆறும்போது சுருங்கும். பெரிய பானையென்றால் வாய்ச் சுற்றளவில் இரண்டு விரல் குறைந்துவிடும். ஆக, எது தாய் எது பிள்ளை என்று தெரிந்துகொள்ள நாலு முழ நூல் போதும். அந்த நூல் இப்போது சொன்ன சேதி: பட்டறையில் இருக்கும் இரண்டுமே பிள்ளைகள். தாய் இங்கே இல்லை.

தாய் டூஃபி அம்மாவுடையது. டூஃபி அம்மா எங்கள் சபையின் பெண்கள் சங்கத் தலைவி. சனிக்கிழமை ஒரு பெரிய சாவுச் சடங்கு, நானூறு பேருக்குச் சமையல். பானையின் ஒரு கைப்பிடி ஒடிந்துவிட்டதென்று போன வாரம் அசியாமாவிடம் கொடுத்திருந்தார். இன்று வியாழன். நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

கைப்பிடி வேலை அரை நாளில் முடிந்துவிட்டது. அதோடு பானையை மூலையில் வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எங்கள் குமாசி நகரத்தில் டூஃபி அம்மாவின் பானையைத் தெரியாத பெண்கள் குறைவு. அதில் சோறு அடிப்பிடிக்காது என்பார்கள். அசியாமா அந்தப் பானையின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். கை சும்மா இருக்கவில்லை. ஆறு பானை வார்த்துவிட்டார்.

அவர் மனைவி அச்சியாதான் பானைகளைச் சந்தையில் விற்பவள். அசியாமா ஃபோனை எடுத்தார்.

"அச்சியா, காலைல எத்தனை எடுத்துட்டுப் போனே?"

"அஞ்சு. அஞ்சும் போயிடுச்சு. இன்னிக்கு யார் முகத்துல முழிச்சேனோ!"

"அதுல ஒண்ணு கொஞ்சம் பெருசா இருந்துச்சா?"

"ஆமா, இருந்துச்சே. அதைத்தான் முதல்ல தூக்கிட்டாங்க. தெச்சிமான்ல இருந்து வந்த அம்மா. இந்நேரம் பஸ் ஊரைத் தாண்டியிருக்கும்."

அசியாமா அப்படியே மணல் மேட்டில் உட்கார்ந்தார். "அது டூஃபி அம்மாவோட பானை."

சந்தை இரைச்சலையும் மீறி அச்சியாவின் குரல் உச்சத்தில் வந்தது. "அதை எதுக்கு வெள்ளை வெளேர்னு தேச்சு, புதுசோட புதுசா அடுக்கி வெச்சீங்க? கரியோட இருந்திருந்தா நான் தொட்டிருப்பேனா?"

"கரி இருந்தா அச்சுல மணல் ஒட்டும்டி."

"ஒட்டித் தொலைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். சரி, பள்ளம்?"

பள்ளம் என்றால், பானையின் வயிற்றில் இருக்கும் ஓர் உள்ளங்கைப் பள்ளம். பல வருடத்துக்கு முன் ஏதோ ஒரு சாவுக்குப் போகும் வழியில் லாரியிலிருந்து விழுந்து ஏற்பட்டது. மணல் எதையும் மறைக்காது. ஆறு பிள்ளைகளும் அதே இடத்தில் அதே பள்ளத்தோடு பிறந்திருந்தன.

"ஒருத்தி கேட்டா, எப்படி அஞ்சு பானைக்கும் ஒரே இடத்துல அடி பட்டுச்சுன்னு. அது எங்க பட்டறை முத்திரைன்னு சொன்னேன். அப்புறம் வந்தவங்க எல்லாம் பள்ளம் சரியா இருக்கான்னு தடவிப் பார்த்துத்தான் வாங்கினாங்க" என்றாள் அச்சியா. அந்த நிலைமையிலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"நீ உடனே வா."

எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு. ரிப்பேருக்கு வந்த பொருளைச் சொந்தக்காரரிடம் கேட்காமல் அச்செடுக்கக் கூடாது. எடுத்தால், தெருத் தலைவர் ஓபிரி பத்துப் பேர் பார்க்க வந்து உலைக்குழியில் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றிய குழியில் அதன்பின் எப்போதும் தீ மூட்டக் கூடாது. உண்மையைச் சொன்னால் இந்தத் தெருவில் அச்செடுக்காதவர் ஒருவர்கூட இல்லை. மாட்டாதவரெல்லாம் யோக்கியர். மாட்டிய ஒரே ஆள் பொன்சு. அவர் இப்போது தெருமுனையில் குடை விரித்து ஃபோன் ரீசார்ஜ் விற்கிறார். அசியாமாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்தக் குழியைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. குடைக்கடியில் உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்துப் பார்த்ததுமே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

வழி ஒன்றுதான். இருக்கிற பிள்ளைகளில் ஒன்றைத் தாய் என்று கொடுத்துவிட வேண்டும். பள்ளம் இருக்கிறது, வளைவு இருக்கிறது. இரண்டு விரல் குறைவதை யார் கண்டார்கள்? இடிப்பது உட்புறம்தான். பல வருடம் கரண்டி புரண்ட பானைக்கு உள்ளே மங்கலும் கீறலும் இருக்க வேண்டும். இதுவோ கண்ணாடி மாதிரி பளபளத்தது.

அசியாமா ஓர் இரும்புக் கரண்டியை எடுத்து, காலிப் பானைக்குள் விட்டுக் கறகறவென்று கிண்ட ஆரம்பித்தார்.

"மாஸ்டர், என்ன சமையல்?" என்று பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. பானை உறுதியா இருக்கான்னு பாக்கறேன்."

"நல்லா பாருங்க. அடிப்பிடிச்சிடப் போகுது."

அரை மணி நேரம் கிண்டியதில் கீறல் விழுந்தது. ஆனால் ஒவ்வொரு கீறலும் புதுப் பிளேடு மாதிரி மின்னியது. பானைக்கு வயது ஏறவில்லை. பூனை பிறாண்டியது போலத்தான் இருந்தது.

மங்கலாக்க வேண்டும். அசியாமா எதிர்ச் சாரியில் சோப்புக் காய்ச்சுபவரிடம் ஒரு டப்பா காஸ்டிக் சோடா வாங்கி வந்தார்.

இங்கே அலுமினியத்தின் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். செம்பு சாது. இரும்பும் அப்படி ஒன்றும் மோசமில்லை, கரியைப் போட்டு ஊதினால் கல்லை விட்டு இறங்கி வந்துவிடும். அலுமினியம் மகா அடம். செம்மண்ணிலிருந்து அதைப் பிரிக்க வேண்டுமென்றால் ஒரு ஆற்றையே மறித்து அணை கட்டி, அந்த மின்சாரத்தை எல்லாம் தேமா நகரத்துப் பெரிய உலைக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். எங்களுக்கு அணையும் இல்லை, ஆறும் இல்லை. அதனால்தான் பழைய பிஸ்டன், ஜன்னல் சட்டம், குளிர்பான டப்பா என்று ஏற்கெனவே பிரிந்து வந்ததையே திரும்பத் திரும்ப உருக்கிப் பிழைக்கிறோம். இவ்வளவு அடமான உலோகம் சமையலறையில் பரம சாதுவாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம், அதன் மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல். காற்றுப் பட்டதுமே அது தனக்குத் தானே போர்த்திக்கொள்வது. அந்தத் தோலை மட்டும் உரித்துவிட்டால் வெறும் தண்ணீரோடுகூட மல்லுக்கு நிற்கும்.

காஸ்டிக் சோடா செய்கிற முதல் வேலை அந்தத் தோலை உரிப்பது. அசியாமாவுக்கு இது தெரியும். ஆனால் மணி ஒன்றரை ஆகிவிட்டால் மனிதனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

பானையில் தண்ணீர் ஊற்றி டப்பாவைக் கவிழ்த்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டார். பானை உஸ் என்றது. பிறகு நுரைத்தது. பிறகு கொதித்துப் பொங்கியது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அசியாமா அவசரமாக ஒரு ஈரச் சாக்கை எடுத்து மேலே மூடி, யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று பானையை உலைக்குழிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

அந்த நுரையிலிருந்து வருவது எரியும் காற்று. சாக்குக்குள் அது நிறையச் சேர்ந்திருந்தது. குழியில் கங்கு இருந்தது.

டமார்!

சாக்கு கூரைவரை போய்த் திரும்பி வந்தது. அசியாமா மல்லாந்து விழுந்தார். எழுந்து முகத்தைத் தடவிப் பார்த்தபோது புருவம் இருந்த இடம் வழுவழுவென்றிருந்தது. பானை உள்ளே கன்னங்கரேலென்று மாறியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. அடியில் மூன்று இடத்தில் ஊசி ஓட்டை விழுந்து தண்ணீர் சொட்டியது.

தெருவே ஓடி வந்தது. எல்லோருக்கும் முன்னால் கைத்தடியோடு ஓபிரி வந்தார். அவர் பின்னால் தள்ளித்தான் அச்சியா வந்து சேர்ந்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"என்னய்யா வெடிச்சுது?" என்று கேட்டார் ஓபிரி.

உண்மையைத் தவிர எதைச் சொன்னாலும் போதும் என்று அசியாமாவுக்குத் தோன்றியது. "மெக்னீசியம், தலைவரே. பழைய எஞ்சின் பெட்டி ஒண்ணுல கலந்து வந்திருக்கு. பார்க்காம குழியில போட்டுட்டேன்."

இதைவிட மோசமான பொய்யை அவர் சொல்லியிருக்க முடியாது. மெக்னீசியம் என்ற பெயரைக் கேட்டதுமே ஓபிரியின் முகம் மாறியது. இரண்டு வருடம் முன்பு அலுமினியம் என்று நினைத்து யாரோ ஒரு மெக்னீசியத் துண்டை உலையில் போட்டு, அது பற்றிக்கொள்ள, யாரோ தண்ணீர் ஊற்ற, தெருவில் இரண்டு கூரை பறந்தது. ஓபிரியுடையது அதில் ஒன்று.

"மிச்சத் துண்டு எங்கே? காட்டு."

"எரிஞ்சு போச்சு தலைவரே."

"சாம்பல்?"

"காத்துல போச்சு."

"உன் புருவம் மாதிரி" என்றார் ஓபிரி. பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினார். "எல்லா உலையையும் அணைங்க! ஒவ்வொருத்தனும் அவனவன் குப்பையைக் கொட்டி, மெக்னீசியம் இருந்தாப் பொறுக்கி எடுங்க. இந்த ஆளுக்கு வந்த சரக்கு எல்லாருக்கும்தானே வந்திருக்கும். நான் பார்த்துச் சரின்னு சொல்றவரைக்கும் எவனும் தீ மூட்டக் கூடாது."

முப்பது உலை அணைந்தது. பொறுக்கி முடித்தவர்கள் எல்லோரும், வேறு வேலை இல்லாததால், மெக்னீசியம் வெடித்த இடத்தைப் பார்க்க அசியாமாவின் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஓபிரி நடுவில் நாற்காலி போட்டுக்கொண்டார். பத்துப் பேர் சாட்சி போதும் என்கிற சட்டத்துக்கு முப்பது பேர் தாமாகவே வந்து காத்திருந்தார்கள். மணி இரண்டரை.

அச்சியா புருஷனைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இன்னொரு பானை இருக்குல்ல?"

"இருக்கு. அதைத் தொட எனக்குப் பயமா இருக்கு."

"நீங்க எதையும் தொடாதீங்க. இதுவரைக்கும் தொட்டதே போதும். பானைக்கு வயசாகணும்னா அதுல சமைக்கணும். சோடாவாம், கரண்டியாம்!"

உலையை மூட்டக் கூடாது என்றுதான் உத்தரவு. அடுப்பு மூட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அச்சியா மூன்று கல்லை வைத்து, கடைசிப் பானையை ஏற்றி, அரிசியும் தக்காளியும் மிளகாயும் கருவாடும் போட்டு, அளவில்லாமல் செம்பனை எண்ணெயை ஊற்றினாள். பிறகு தீயை வாரி வாரித் தள்ளினாள். வாழ்நாளில் ஒரு சோற்றைக்கூட அவள் அடிப்பிடிக்க விட்டதில்லை. வேண்டுமென்றே பிடிக்கவிட்டபோது அவளுக்குக் கண் கலங்கியது. புகை என்றாள்.

முற்றத்தில் இருந்தவர்களுக்கு இலையில் சோறு வந்தது.

"என்ன அச்சியா, கரி வாசனை அடிக்குது?" என்றார் பக்கத்துப் பட்டறைக்காரர்.

"மெக்னீசியப் புகை மூக்குல ஏறியிருக்கும். பேசாம தின்னுங்க" என்றாள் அவள்.

எல்லோரும் தின்றார்கள். இலவசச் சோறு எந்த நிறத்திலிருந்தாலும் எங்கள் தெருவில் இறங்கும். அடியில் ஒட்டிய காந்தலை அச்சியா பாதி மணலால் சுரண்டி, பாதியை விட்டுவைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்த அசியாமாவுக்கு நம்ப முடியவில்லை. செம்பனை எண்ணெயின் பழுப்பும், புகையின் மங்கலும், சுரண்டிய கீறலும் சேர்ந்து பானைக்கு இருபது வயது கூடியிருந்தது. அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் இருந்த அன்பு, கல்யாணமான புதிதில்கூட இருந்ததில்லை.

சரியாக நாலு மணிக்கு டூஃபி அம்மா வந்தார். நல்ல ஆகிருதி, அதற்கேற்ற நடை. பின்னால் மேமுனாத்து வந்தாள். வடக்கேயிருந்து வந்து தலைச்சுமை தூக்கும் பெண். எட்டு வருடமாக டூஃபி அம்மாவுக்கு அவள்தான் சுமப்பவள்.

வந்தவருக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, வந்த சேதி என்ன என்று வீட்டுக்காரர் கேட்ட பிறகுதான் எங்களூரில் பேச்சே தொடங்கும். கேட்காதவரை விருந்தாளி விஷயத்துக்கு வர முடியாது. அசியாமா தண்ணீர் கொடுத்தார். சேதி கேட்கவில்லை. இன்னொரு குவளை கொடுத்தார். மூன்றாவதை மொள்ளப் போனார்.

"அசியாமா, நான் என்ன ஒட்டகமா? சேதியைக் கேளு" என்றார் டூஃபி அம்மா.

"என்ன சேதிங்கம்மா வந்தது?" என்றார் அசியாமா, குவளையைக் கீழே வைத்து.

"நல்ல சேதிதான். என் பானையைக் கொடு. அது சரி, உன் முகத்துல ஏதோ குறையுதே?"

"மெக்னீசியம்" என்றார்கள் முப்பது பேரும் ஒரே குரலில்.

அச்சியா பானையைக் கொண்டுவந்து வைத்தாள். டூஃபி அம்மா குனிந்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். புதுக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே கைவிட்டுத் தடவி, விரலை மோந்து பார்த்தார்.

"இன்னிக்கு இதுல ஏதோ சமைச்சிருக்கீங்க போல?"

"கைப்பிடி சூட்டைத் தாங்குதான்னு பார்க்கத்தான்மா" என்றாள் அச்சியா சட்டென்று.

டூஃபி அம்மா தலையாட்டினார். பானையைச் சுற்றி வந்தார். மெதுவாக, வெகு மெதுவாக. ஓபிரி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"என்னம்மா, பானையில ஏதாச்சும் வித்தியாசம் தெரியுதா? தெரிஞ்சா கூசாமச் சொல்லுங்க. எங்க தெருவுக்குச் சட்டம் இருக்கு. தண்ணிக்குடமும் இருக்கு."

அசியாமா தன் உலைக்குழியைப் பார்த்துக்கொண்டார். கடைசியாக ஒருமுறை.

டூஃபி அம்மா பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தார். கை அதில் அடக்கமாக உட்கார்ந்தது. "என் பானையை எனக்குத் தெரியாதா தலைவரே? இந்தப் பள்ளம் ஒண்ணு போதாதா? வேலை சுத்தம். அசியாமா மாதிரி நாணயமான ஆள் உங்க தெருவுல எத்தனை பேர் இருக்காங்க?"

ஓபிரி பெருமையோடு சாய்ந்து உட்கார்ந்தார். கூட்டம் கலையத் தொடங்கியது. அச்சியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

அசியாமா மட்டும் அப்படியே நின்றார். தப்பித்தாயிற்று. சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் நாணயம் என்ற சொல் விடாமல் உறுத்தியது. முப்பது பேர் முன்னால் தன்னைத் தூக்கி வைத்துப் பேசிய மனுஷியை அவர் ஏமாற்றியிருக்கிறார். அந்த நம்பிக்கைக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தெருவுக்கு வேண்டாம், அவர் காதில் மட்டும் சொன்னால் போதும். அடுத்த மாதம் அதைவிட நல்ல பானை ஒன்று வார்த்துச் சும்மா கொடுத்துவிடலாம்.

அவர் வெளியே ஓடினார். டூஃபி அம்மா முன்னால் போய், தெருமுனையில் பொன்சுவின் குடை அருகே நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். மேமுனாத்து பானையைத் தலையில் ஏற்றிச் சரிசெய்துவிட்டு, தோளில் தொங்கிய துணிமூட்டையிலிருந்து ஒரு மூடியை எடுத்துப் பானை மேல் வைத்தாள்.

மூடி பானையின் வாயைத் தாண்டி, சுற்றிலும் கட்டைவிரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அசியாமா நின்றுவிட்டார். ஒருமுறை வார்த்தால் அவ்வளவு குறையாது. இரண்டு முறை வார்த்தாலும் குறையாது.

"மேமுனாத்து, இது வேற பானையோட மூடியா?"

"இல்ல மாஸ்டர், இதோடதுதான். நான் வந்த புதுசுல கச்சிதமாப் பொருந்திச்சு. ஒவ்வொரு மாஸ்டர் கைப்பிடி போட்டுத் தரும்போதும் பானை புதுசா வருது, கூடவே கொஞ்சம் சின்னதாயிடுது" என்று சொல்லி, மூடி விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் நடக்கத் தொடங்கினாள். "அதனால அடுத்த தடவை கைப்பிடியை ஒடிக்க வேணாம், மூடியை ஒடிச்சு ரிப்பேருக்குக் கொடுத்துடுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."